பழைய திறப்பை எப்போது எறிவது

ஓர் இணையப் பெயர் பற்றிய பதில் போலியல்ல என்று ஒப்பமிடும் கையொப்பத் திறப்பு என்று சொன்னால் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய ஏதோ ஒரு பொருள் போலத் தோன்றும். எங்கள் சேர்வரில் அது ஒரு சிறிய எழுத்துக் கோப்பு மட்டுமே. ஆங்கிலக் ‘கே’ எழுத்தில் தொடங்கி, ஆள்களப் பெயர் (இணையத்தளத்தின் பெயர்), ஒப்பமிடும் கணக்கு முறையான அல்கோரிதத்தின் மூன்று இலக்க எண், திறப்பின் அடையாள எண் என்று நீளும் பெயரோடு இரண்டு கோப்புகள் அருகருகே கிடக்கும். ஒன்று எல்லோருக்கும் காட்ட வேண்டிய பொதுத் திறப்பு. மற்றையது எவருக்கும் காட்டக்கூடாத தனித் திறப்பு. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாலையில், கிளிநொச்சியில் உள்ள எனது சிறிய அலுவலகத்தில் இருந்துகொண்டு, அந்த இரண்டாவது கோப்பை மீட்க முடியாதவாறு பல தடவை மேலெழுதி அழித்துவிட்டு, வேலையைப் பாதுகாப்பாக முடித்துவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கோப்பு ஒரு பழைய மாணவர் சங்கத்தின் டொட் கொம் ஆள்களப் பெயருக்கு உரியது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தை அவர்கள் தங்கள் இணையத்தளத்தில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சங்கத் தலைவரான ஓய்வுபெற்ற அதிபர் அழைத்தார். “தம்பி, எங்கட பிள்ளையளுக்குப் பக்கம் திறக்குதில்லையாம். லண்டனில இருக்கிற ஒருத்தருக்குத் திறக்குதாம். என்ன செய்து வைச்சிருக்கிறீர்?” என்று கேட்டார். எனது மடிக்கணினியில் பக்கம் உடனே திறந்தது. அது எனக்கு நிம்மதியைத் தந்திருக்கக் கூடாது. முதல் நாள் மாலை சோதித்துப் பார்ப்பதற்காக, பெயருக்குரிய முகவரியைக் கேட்டறிந்து தரும் எனது ரிசோல்வரின் நினைவகத்தை நானே வெறுமையாக்கியிருந்தேன். ஆகவே புதிய விபரங்களை மட்டுமே அறிந்த ஒரேயொரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் சரி என்று முடிவுகட்டியிருந்தேன்.

நடந்தது என்ன என்பதை விளக்குவதற்கு, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்குக் கையொப்பப் பாதுகாப்பைத் தரும் டிஎன்எஸ்செக்கின் அடிப்படையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு பெயருக்குரிய முகவரி என்ன என்று கணினி கேட்கும்போது வரும் பதிலை இடையில் ஒருவர் மாற்றி எழுதிவிடலாம் என்பது நெடுங்காலமாகவே தெரிந்த விடயம். அதை எவ்வளவு விரைவாகச் செய்யலாம் என்பதை 2008 இல் டான் கமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டியபோதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். பதில்களுக்குக் கையொப்பம் இடும் முறை 2005 மார்ச்சிலேயே, இணைய நெறிமுறைகளை விபரிக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களான 4033, 4034, 4035 ஆகியவற்றில் எழுதப்பட்டிருந்தது. ஒரு பெயருக்குரிய பதிவுகளின் தொகுப்பை வலயம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் உள்ள வேர் வலயம் 2010 ஜூலை 15 அன்றும், டொட் கொம் 2011 மார்ச் இறுதியிலும் அந்த முறைக்குள் வந்தன. இந்த முறை எதையும் மறைப்பதில்லை. வந்த பதில் உரியவரிடமிருந்து, மாற்றமின்றி வந்திருக்கிறது என்பதை மட்டுமே அது நிரூபிக்கிறது.

நிரூபிக்கும் விதம் எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். கிராம அலுவலர் தரும் சான்றிதழ் தனியே பல இடங்களில் செல்லாது. அதற்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். பிரதேச செயலகம் உங்களை அறியாது, ஆனால் அந்தக் கிராம அலுவலரின் கையொப்பம் எப்படி இருக்கும் என்பதை அறியும். டிஎன்எஸ்செக்கிலும் அப்படித்தான். வலயத்தின் சாதாரணப் பதிவுகளுக்கு இசட்எஸ்கே என்ற திறப்பு ஒப்பமிடுகிறது. திறப்புகளின் பட்டியலுக்குக் கேஎஸ்கே என்ற மூத்த திறப்பு ஒப்பமிடுகிறது. அந்த மூத்த திறப்பின் சுருக்கம் தாய் வலயத்தில் (சங்கத்தின் பெயருக்கு அது டொட் கொம்) ஒரு பதிவாக வைக்கப்பட்டிருக்கிறது. தற்செயலாக அந்தப் பதிவின் பெயரும் ‘டிஎஸ்’. எங்கள் பக்கத்தில் டிஎஸ் என்றால் பிரதேச செயலாளர் என்பதால், இதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போது பிள்ளைகள் சிரித்துவிட்டு, பிறகு மறப்பதில்லை.

நான் அன்று மாலை மூத்த திறப்பை மாற்றினேன். புதியதை உருவாக்கி, அதனால் ஒப்பமிட்டு, பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் பழைய டிஎஸ் பதிவை எடுத்துவிட்டுப் புதியதை இட்டேன். சில நிமிடங்களில் டொட் கொம் சேர்வர்கள் புதியதைக் காட்டத் தொடங்கின. உடனே பழைய திறப்பை வலயத்திலிருந்து நீக்கி, கோப்பையும் அழித்தேன். ஆனால் டொட் கொம் தரும் டிஎஸ் பதிவின் டிடிஎல் (நினைவில் வைத்திருக்கக்கூடிய காலம்) 86,400 வினாடிகள், அதாவது ஒரு முழு நாள். மாற்றத்துக்கு முந்தைய ஒரு நாளுக்குள் எவராவது ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டிருந்தால், அவர் பயன்படுத்தும் ரிசோல்வர் பழைய டிஎஸ்ஸை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் திறப்பை எங்கள் வலயத்தில் தேடும். நான் அதை எடுத்துவிட்டேன். ஆகவே ‘சேர்வ்ஃபெயில்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். இரணைமடுவில் துருசை மூடிவிட்டால் அந்த நிமிடத்திலேயே கடைசி வயலின் வாய்க்காலும் வற்றிவிடும் என்று எந்தக் கமக்காரரும் நினைக்கமாட்டார். நான் நினைத்தேன்.

தொடர்ந்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது. பழைய தனித் திறப்பு கையில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை: அதை மீண்டும் வலயத்தில் சேர்த்து, திறப்புப் பட்டியலுக்கு இரண்டு திறப்புகளாலும் ஒப்பமிட்டிருந்தால், பழைய டிஎஸ்ஸை நம்புபவருக்கும் புதியதை நம்புபவருக்கும் பக்கம் திறந்திருக்கும். ஆனால் திருட்டுப் போய்விடக்கூடாது என்ற பயத்தில் அதை அவ்வளவு கவனமாக அழித்திருந்தேன். “சேர், நாளைக்குக் காலமைக்குள்ள சரியாகிடும்” என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுவதும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவர் விண்ணப்பத்தின் கடைசித் திகதியை ஒரு நாள் தள்ளிவைத்தார். பிள்ளைகளுக்கு என்ன காரணம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தவறு சின்ன இடங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது பின்னர் சற்று ஆறுதலாக இருந்தது. 2021 செப்டெம்பர் 30 அன்று, அலுவலக உரையாடல் செயலியை நடத்தும் ஸ்லாக் நிறுவனம் தனது டொட் கொம் பெயருக்கு டிஎன்எஸ்செக்கைப் பொருத்தியபோது வேறொரு கோளாறு எழ, அவசரமாகப் பின்வாங்கி டிஎஸ் பதிவையும் கையொப்பங்களையும் எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே பரவியிருந்த டிஎஸ் பதிவோ ரிசோல்வர்களின் நினைவில் ஒரு நாள் வரை கிடந்தது. பொருத்துவதில் ஏற்படும் பிழையைவிடப் பதற்றத்தில் பிடுங்கி எடுப்பது கூடுதலான சேதத்தைத் தரும் என்பது, நடந்ததை அவர்கள் நேர்மையாகவே எழுதி வெளியிட்டதில் தெரிந்தது.

சரியான ஒழுங்கு ஆர்எஃப்சி 6781 இல் இருக்கிறது. நேரக் கணக்குகள் இன்னும் விரிவாக 7583 இல் இருக்கின்றன. மூத்த திறப்பை மாற்றுவதாயின், முதலில் புதியதைப் பழையதோடு சேர்த்து வெளியிட்டு, பட்டியலுக்கு இரண்டாலும் ஒப்பமிட வேண்டும். பழைய பட்டியல் எல்லா நினைவகங்களிலிருந்தும் மறையும் வரை, அதாவது அந்தப் பட்டியலின் டிடிஎல் அளவும், துணைச் சேர்வர்களுக்குப் போய்ச்சேரும் நேரமும் சேர்ந்த காலம் காத்திருந்து, அதன் பின்னரே தாய் வலயத்தில் டிஎஸ்ஸை மாற்ற வேண்டும். தாயின் எல்லாச் சேர்வர்களும் புதியதைத் தருகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு டிஎஸ்ஸின் டிடிஎல் முடியும் வரை மீண்டும் காத்திருந்து, கடைசியில்தான் பழையதை எடுக்க வேண்டும். நான் இப்போது அதற்கு மேலும் ஒரு கிழமை சேர்த்துக்கொள்கிறேன். பழைய திறப்பு இன்னும் ஒரு கிழமை கிடப்பதால் எவருக்கும் நட்டமில்லை.

டிஎன்எஸ் சேர்வர்களுக்கான பைண்ட் மென்பொருளின் 9.16 பதிப்பிலிருந்து, ஒரு கொள்கையை எழுதிக்கொடுத்துவிட்டால் திறப்புகளை உருவாக்குவதும் மாற்றுவதும் ஒப்பங்களைப் புதுப்பிப்பதும் தானாகவே நடக்கின்றன. அதில் எனக்குப் பிடித்த குணம், டிஎஸ் தாய் வலயத்தில் ஏறிவிட்டது என்று நாம் உறுதிப்படுத்தும் வரை அல்லது தானே கேட்டு அறிந்துகொள்ளும் வரை, பழைய மூத்த திறப்பை எடுக்க மறுத்து அப்படியே நிற்பது. நான் அவசரப்பட்டாலும் அது அவசரப்படுவதில்லை.

இசட்எஸ்கே, கேஎஸ்கே என்று இரண்டாகப் பிரிப்பது சின்ன வலயங்களுக்கு அவசியமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அவசியமில்லை. அந்தப் பிரிப்பு ஆர்எஸ்ஏ என்ற பழைய அல்கோரிதத்தின் காலத்தில் பொருளுடையதாக இருந்தது. தினசரி ஒப்பத்துக்குச் சிறிய திறப்பை வைத்து அதை அடிக்கடி மாற்றவும், தாய் வலயத்தைத் தொட வேண்டிய பெரிய திறப்பை அரிதாக மாற்றவும் அது வசதி தந்தது. இன்று 13 ஆம் இலக்க அல்கோரிதத்தில் ஓர் ஒப்பம் 64 பைட் மட்டுமே. 2048 பிட் ஆர்எஸ்ஏயில் அது 256 பைட். பைண்டின் இயல்புக் கொள்கையும் இந்த 13 ஆம் இலக்கத்தில், காலவரையறை இல்லாத ஒரேயொரு திறப்பைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்து மாற்றுவதை நான் நிறுத்திவிட்டேன். ஆனாலும் வருடத்தில் ஒரு தடவை, முக்கியமில்லாத ஒரு பெயரில், முழு மாற்றத்தையும் செய்து பார்க்கிறேன். செய்யாத வேலை கைக்கு மறந்துவிடும். திறப்பைத் தொடக்கூடிய ஒருவர் வேலையை விட்டுப் போனால் மட்டும் எல்லாவற்றையும் மாற்றுகிறேன்.

ஆட்கள் போவதுதான் வன்னியில் உண்மையான பிரச்சினை. எனக்குத் தெரிந்த ஒரு அமைப்பில், ஆள்களப் பெயரைப் பதிவு செய்தவர் கனடாவுக்குப் போய்விட்டார்; ரெஜிஸ்ட்ரார் கணக்கு அவரது பழைய மின்னஞ்சலில் இருந்தது; அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அவரே மறந்திருந்தார். கையொப்பத் திறப்பு எங்களிடம் பத்திரமாக இருந்தும், டிஎஸ்ஸை மாற்ற வழியில்லாமல் நான்கு மாதங்கள் நின்றோம். ரெஜிஸ்ட்ரார் கணக்கைத் திறக்கக்கூடியவர் டிஎஸ்ஸையும் மாற்றலாம், சேர்வர்களின் பெயரையும் மாற்றலாம். ஆகவே தனித் திறப்புக்கு மேலான திறப்பு அந்தக் கணக்கின் கடவுச்சொல்தான் என்பதை நான் இப்போது முதல் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலின் நகைப் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் திறப்பு தலைவரிடமும் மற்றையது பொருளாளரிடமும் இருக்கும். திருவிழாக் காலத்தில் இருவரில் ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டால் அம்மனுக்கு அலங்காரம் குறைந்துவிடும் என்று ஆச்சிமார் முறைப்படுவார்கள். உலகத்தின் வேர் வலயத்துக்கும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். அதன் மூத்த திறப்பு அமெரிக்காவில் கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வேர்ஜினியாவின் கல்பெப்பரிலும் உள்ள இரண்டு நிலையங்களில், இணையத்தோடு இணைக்கப்படாத பாதுகாப்புக் கருவிகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பல நாடுகளைச் சேர்ந்த ஏழு பேர் பொறுப்பாளர்கள். அவர்களில் குறைந்தது மூவர் தங்கள் இரும்புத் திறப்புகளோடு வந்து, சிறு பெட்டகங்களைத் திறந்து, அதற்குள் இருக்கும் அட்டைகளை எடுத்துக் கொடுத்தால்தான் கருவி இயங்கும். வழமையாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒப்பமிடும் இந்தச் சடங்கை நேரடி ஒளிபரப்போடு, எழுதிவைத்த படிமுறையை வரிவரியாக வாசித்துச் செய்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 2020 பெப்ரவரியில் ஒரு பெட்டகத்தின் பூட்டு பழுதாகித் திறக்க மறுத்ததால், சடங்கு சில நாட்கள் தள்ளிப்போய், பூட்டுக்காரர் வந்து துளையிட்டுத் திறக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஏப்ரலில் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, ஒரே அமர்வில் ஒன்பது மாதங்களுக்குரிய ஒப்பங்களை முன்கூட்டியே இட்டு வைத்தார்கள். அந்த முடிவை எடுத்தவர்களை நான் மெச்சுகிறேன்.

எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மறைகுறியாக்கிய இரண்டு யூஎஸ்பி பிரதிகள், ஒன்று கிளிநொச்சியில், மற்றையது வவுனியாவில் அக்கா வீட்டு அலுமாரியில். கடவுச்சொல் எழுதிய கடித உறை சங்கத்தின் பொருளாளரிடம். உறையின் ஒட்டுக்கு மேல் இரண்டு பேர் ஒப்பமிட்டிருக்கிறோம். இவ்வளவுதான்.

சேர்வர் பக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, ஒப்பத்தைச் சரிபார்க்கும் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் கதை பாதியாகிவிடும். ஒரு பாடசாலையின் கணினி அறையில், பழைய மேசைக் கணினி ஒன்றில் அன்பவுண்ட் என்ற ரிசோல்வர் மென்பொருளை நிறுவிக் கொடுத்திருந்தேன். 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்த காலத்தில், ஒரு நாள் மின்சாரம் திரும்பியபோது இணையம் மட்டும் திரும்பவில்லை. வயர் சரி, ரௌட்டர் சரி, எந்தப் பெயரும் திறக்கவில்லை. அரை நாள் மினக்கெட்ட பிறகு திரையின் மூலையைப் பார்த்தேன்: 2009 ஜனவரி 1. மதர்போர்ட்டில் உள்ள சிஆர் 2032 பற்றரி செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு கையொப்பத்திலும் அது செல்லுபடியாகத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். 2009 இல் நிற்கும் கணினிக்கு இன்றைய ஒப்பங்கள் எல்லாம் இனிமேல் பிறக்கப்போகிறவை. வேர் வலயமே அந்தத் திகதியில் ஒப்பமிடப்பட்டிருக்கவில்லை! நேரத்தைத் திருத்த, இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபி சேர்வரைக் கேட்க வேண்டும். அதன் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் பதிலை நம்புவதற்குச் சரியான நேரம் வேண்டும். கையால் நேரத்தைத் திருத்தி, பற்றரியை மாற்றி, என்டிபி பெயருக்கு மட்டும் ஒப்பம் பார்க்க வேண்டாம் என்று அன்பவுண்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதே கணினியில் இன்னொரு விடயமும் இருக்கிறது. ஒப்பத்தைச் சரிபார்க்கும் ஒவ்வொரு ரிசோல்வரும் வேர் வலயத்தின் மூத்த திறப்பைத் தன்னிடமே எழுதி வைத்திருக்கும். அதற்கு மேல் நம்புவதற்கு ஒருவரும் இல்லை. 2010 இன் முதல் திறப்புக்கு அடையாள எண் 19036. அதை மாற்றும் நாளாக 2017 ஒக்டோபர் 11 குறிக்கப்பட்டு, பழையதை மட்டுமே அறிந்த ரிசோல்வர்கள் இன்னும் இருப்பது தெரிந்ததால் ஒரு வருடம் தள்ளி, 2018 ஒக்டோபர் 11 அன்று 20326 ஆம் எண் திறப்புக்கு மாறினார்கள். ஒரு வருடம் தள்ளிப்போட்டதைச் சிலர் கேலி செய்தார்கள், நான் செய்யமாட்டேன். 2008 இன் கடைசியில் பரந்தன் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டபோது, அம்மா திறப்பைத் தனது கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் அது அவரிடம் இருந்தது. 2010 இல் திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பு இப்போதும் புது வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஒரு திறப்பைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குக் கதவு மாறிவிட்டது என்று எவராவது போய்ச் சொல்ல வேண்டும்.

ரிசோல்வருக்குச் சொல்லும் முறை ஆர்எஃப்சி 5011 இல் இருக்கிறது. பழைய திறப்பால் ஒப்பமிடப்பட்ட பட்டியலில் புதியதை 30 நாட்கள் தொடர்ந்து கண்டால்தான் ரிசோல்வர் அதை நம்பத் தொடங்கும். அடுத்த திறப்பான 38696, 2025 ஜனவரி 11 முதல் வேர் வலயத்தில் வெளியிடப்பட்டிருக்கிறது. 2026 ஒக்டோபர் 11 அன்று அது ஒப்பமிடத் தொடங்குவதாகத் திட்டம். அறிமுகத்துக்கு இருபத்தொரு மாத அவகாசம். எப்போதும் இயங்கும் சேர்வர்களுக்கு அது தாராளம். விடுமுறைக்கு அணைத்து வைக்கப்படும், நேரம் பிசகும் பாடசாலைக் கணினிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

போன கிழமை அந்தப் பாடசாலைக்குத் தொலைவிலிருந்து உள்நுழைந்து திறப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 20326 மட்டும்தான் இருந்தது. கோப்பு இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதியை அன்பவுண்டுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். புதியதை எத்தனை நாள் கண்டாலும் அதனால் குறித்துவைக்க முடிந்திருக்காது. நிறுவியவன் நானேதான், ஆகவே கோபிக்க வேறு ஆளில்லை. அனுமதியைத் திருத்தியிருக்கிறேன். இன்றிலிருந்து 30 நாள் அந்தக் கணினி அணையாமல் இருக்க வேண்டும் என்று கணினி ஆசிரியரிடம் சொல்லி, சுவிட்சுக்கு மேல் ஒரு துண்டுக் காகிதமும் ஒட்டச் செய்திருக்கிறேன். முப்பத்தோராவது நாள் நேரில் போய்ப் பார்ப்பேன்; கையோடு சிஆர் 2032 பற்றரி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.